12 டெஸ்டர் தருகிறேன் என்று 6,300 ரூபாய் வாங்கி ஏமாற்றினார்கள்: ஆப் வெளியிடப் போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

இன்று அக்டோபர் 6. காலை ஏழேகாலுக்கு மெயில் வந்தது. என் ஆப்பை பிளே ஸ்டோரில் எல்லோருக்கும் வெளியிட அனுமதி இல்லையாம். டெஸ்டர்கள், அதாவது வெளியிடும் முன் ஆப்பைப் பயன்படுத்திப் பார்ப்பவர்கள், அதைச் சரியாகப் பயன்படுத்தவில்லை, இன்னொரு முறை 14 நாள் டெஸ்ட் நடத்திவிட்டு விண்ணப்பிக்க வேண்டும் என்று போட்டிருந்தது. இன்றைக்கே ஆரம்பித்தாலும் 14 நாள் முடிவது 20ஆம் தேதி. அன்றைக்குத்தான் தீபாவளி. தீபாவளித் தையலுக்காகச் செய்த ஆப் அது.

ஆறாயிரத்து முந்நூறு ரூபாய் போய்விட்டது. அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். வார்த்தை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2023 நவம்பர் 13க்குப் பிறகு கூகுள் பிளேயில் தனிநபர் கணக்கு ஆரம்பித்தவர்கள், 25 டாலர் கட்டி ஆப்பை ஏற்றிய கையோடு வெளியிட்டுவிட முடியாது. முதலில் க்ளோஸ்டு டெஸ்டிங், அதாவது நாம் சேர்த்த ஆட்கள் மட்டும் ஆப்பைப் பயன்படுத்திப் பார்க்கிற சோதனை, நடத்த வேண்டும். ஆரம்பத்தில் 20 டெஸ்டர் வேண்டும் என்று இருந்தது, 2024 டிசம்பரில் அதை 12 ஆக்கினார்கள். அந்த 12 பேரும் விடாமல் 14 நாள் டெஸ்டராக இருக்க வேண்டும். அதற்கு அப்புறம் புரொடக்ஷன் ஆக்சஸுக்கு, அதாவது எல்லோருக்கும் வெளியிடும் அனுமதிக்கு, விண்ணப்பிக்கலாம். டெஸ்டர்கள் எப்படிப் பயன்படுத்தினார்கள், என்ன சொன்னார்கள், அதைக் கேட்டு என்ன மாற்றினீர்கள் என்றெல்லாம் அதில் கேள்விகள் இருக்கும். நிறுவனக் கணக்கு என்றால் இந்த 12 பேர் விதி கிடையாது. என்னுடையது தனிநபர் கணக்கு.

நான் மதுரையில் வேலை பார்க்கிறேன். சங்கரன்கோவிலில் என் மதினி தையல் கடை வைத்திருக்கிறார். அளவு நோட்டு என்று ஒன்று வைத்திருப்பார். பத்து வருஷத்துப் பழக்கம், எண்ணெய்க் கறை, கிழிந்த அட்டை. தீபாவளி நெருக்கத்தில் ஒரு பக்கம் கிழிந்து போனாலும் அந்தப் பக்கத்தில் அளவு இருந்த அக்காவிடம் மறுபடி அளவு ஜாக்கெட் கேட்டு ஆள் அனுப்ப வேண்டும். அந்த நோட்டை போனுக்குள் கொண்டுவருவதுதான் என் ஆப். ஆறு மாதம், தினமும் ராத்திரி பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து செய்தது.

12 பேர் கிடைக்க மாட்டார்களா என்றுதான் நானும் நினைத்தேன். நண்பர்களிடம் கேட்டேன், எல்லோரும் சரி என்றார்கள். லிங்க்கை அனுப்பினால் பாதிப் பேர் திறந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். டெஸ்டராகச் சேரும் பட்டனை அழுத்திவிட்டு ஆப்பையும் இறக்க வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் போன் போட்டுச் சொன்னேன். இரண்டு பேரிடம் ஐபோன். ஒருவர் கொடுத்த ஜிமெயில் ஒன்று, அவர் பிளே ஸ்டோரில் வைத்திருந்தது வேறு. கடைசியில் உருப்படியாகச் சேர்ந்தது ஐந்து பேர், அவர்களும் நிலைக்கவில்லை. செப்டம்பர் பிறந்துவிட்டது. எனக்குப் பதற்றம் வந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் அவன் வந்தான். ஆப் செய்பவர்கள் கூடும் ஒரு அரட்டைக் குழுவில் என் கஷ்டத்தை எழுதியிருந்தேன். பத்து நிமிடத்தில் தனியாக மெசேஜ் வந்தது. "அண்ணா, நானும் டெவலப்பர்தான். என் ஆப்பும் இப்படித்தான் மாட்டிச்சு. கவலைப்படாதீங்க, நம்மகிட்ட ஆள் இருக்கு." காசு வாங்கிக்கொண்டு டெஸ்டர் பிடித்துத் தரும் சேவை அது. 12 டெஸ்டர், எல்லோரும் உண்மையான ஆட்கள், உண்மையான போன்கள், 14 நாளும் தினம் ஆப்பைத் திறப்பார்கள், 4,800 ரூபாய். புரொடக்ஷன் ஆக்சஸ் கிடைக்காவிட்டால் முழுப் பணமும் வாபஸ் என்று அவர்கள் விளம்பரப் படத்திலேயே பெரிய எழுத்தில் இருந்தது. ஒரு அலமாரியின் போட்டோவையும் அனுப்பினான். வரிசையாக போன்கள், விதவிதமான கம்பெனி, ஒவ்வொன்றின் முதுகிலும் நம்பர் எழுதிய ஸ்டிக்கர்.

போட்டோவைப் பார்த்து நான் நம்பவில்லை. அதற்கு அடுத்து வந்த வாய்ஸ் மெசேஜைக் கேட்டுத்தான் நம்பினேன். டெஸ்டராகச் சேர்வது (ஆப்ட்-இன்) எப்படி, எத்தனையாவது நாள் என்ன செய்வார்கள் என்று நிதானமாக விளக்கிக்கொண்டே வருகிறான். பின்னால் குக்கர் விசில் சத்தம். நடுவில் ஒரு அம்மா, "சாப்பிட வாப்பா, ஆறிப்போகுது" என்று கூப்பிடுகிறார். "இந்தா வரேம்மா, அண்ணன்கிட்ட பேசிட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு எனக்குத் தொடர்ந்து விளக்குகிறான். அந்த மெசேஜை மூன்று தடவை கேட்டேன். நம்மை மாதிரி ஒரு வீட்டுப் பிள்ளை, சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு நமக்காகப் பேசுகிறான் என்று மனசு இளகிவிட்டது. பாதி இப்போது தருகிறேன், மீதி 14 நாள் கழித்து என்றுதான் சொல்ல இருந்தேன், சொல்லவும் செய்தேன். "அண்ணா, டெஸ்டருங்களுக்கு நான் முன்னாடியே குடுத்தாகணும், என் கையில இல்லண்ணா" என்றான். சரி என்றுவிட்டேன்.

செப்டம்பர் 5, வெள்ளிக்கிழமை, யூபிஐயில் 4,800 ரூபாய் அனுப்பினேன். பணம் போகும் முன் திரையில் வந்த பெயர் அவன் பெயர் இல்லை, ஏதோ ஒரு டிரேடர்ஸ். கேட்டேன். "மாமா அக்கவுண்ட்ணா" என்றான். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

செப்டம்பர் 8, திங்கட்கிழமை, பன்னிரண்டு பேரும் சேர்ந்தார்கள். ஆப்பை ஏற்றி நிர்வகிக்கிற பிளே கன்சோல் பக்கத்தில் 12 என்று வந்ததும் மதினிக்கு போன் போட்டுச் சொன்னேன். எட்டு நாள் பிரச்சினை ஒன்றும் இல்லை. ஒன்பதாம் நாள் 12 என்பது 8 ஆகிவிட்டது. கேட்டால், "கன்சோல் லேட்டா காட்டும்ணா, நாளைக்குச் சரியாயிடும்" என்றான். மறுநாளும் எட்டுதான். அப்புறம், நாலு பேர் போனை மாற்றிவிட்டார்கள், புதிதாக நாலு பேரைப் போட வேண்டும், அதற்கு 'ரீப்ளேஸ்மென்ட் பேக்' 1,500 ரூபாய் என்றான். ஆள் குறைந்தது அவன் பக்கம், நான் எதற்குக் கொடுக்க வேண்டும் என்று சண்டை போட்டேன். "14 நாளும் வீணாப் போயிடும்ணா, உங்களுக்காகத்தான் சொல்றேன்." கொடுத்தேன். 4,800ம் 1,500ம் சேர்த்து 6,300. இதில் மூவாயிரம் மதினி கொடுத்தது. வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. "கடைக்குத்தானே தம்பி செய்யுற" என்று அனுப்பிவிட்டார். மதினி கடையில் ஒரு லைனிங் ஜாக்கெட்டுக்குக் கூலி 350 ரூபாய். 6,300 ரூபாய் என்றால் பதினெட்டு ஜாக்கெட். கொக்கி வரைக்கும் வைத்து முடித்த பதினெட்டு ஜாக்கெட்.

செப்டம்பர் 17இலிருந்து மறுபடி 14 நாள் எண்ணினோம். கடைசியில் டெஸ்டர்களின் கருத்து என்று ஒரு ஃபைல் அனுப்பினான். திறந்து பார்த்தால், "கார்ட் பக்கம் வேகமாக லோட் ஆகிறது, பேமென்ட் சுலபமாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறது. என் ஆப்பில் கார்ட்டும் இல்லை, பேமென்ட்டும் இல்லை. அது தோள், மார்பு, இடுப்பு, கை நீளம், கழுத்து இறக்கம் குறித்து வைக்கிற ஆப். வேறு யாருக்கோ கொடுத்ததை எனக்கும் அனுப்பியிருக்கிறான். "டைப்பிங் மிஸ்டேக்ணா" என்று சொல்லிவிட்டு, கார்ட் வரியை மட்டும் அழித்துத் திருப்பி அனுப்பினான்.

அக்டோபர் 1, ஆயுத பூஜை. ஊருக்குப் போயிருந்தேன். தையல் மெஷினுக்கும் கத்தரிக்கும் சந்தனம் குங்குமம் வைத்த கையோடு மதினி என் லேப்டாப்புக்கும் ஒரு பொட்டு வைத்தார். அந்தப் பொட்டோடுதான் அன்று சாயங்காலம் விண்ணப்பத்தை அனுப்பினேன். அந்தப் பொட்டு இன்னும் அழியவில்லை. அதைப் பார்த்துக்கொண்டேதான் இதையும் எழுதுகிறேன்.

இன்று காலை மெயில் வந்த பிறகுதான், ஆப்பை யார் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று காட்டும் அனலிட்டிக்ஸைத் திறந்து பார்த்தேன். அதற்காக ஆப்பில் கூகுளின் ஃபயர்பேஸ் போட்டிருந்தேன், ஆனால் இத்தனை நாளும் கன்சோலில் 12 என்ற எண்ணை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டில் பதினொன்று ஒரே மாடல் போன். அலமாரி போட்டோவில் இருந்த விதவிதமான கம்பெனிகள் எங்கே போயின? தினமும் எல்லாப் போனும் ஒரே அரை மணி நேரத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்திருக்கின்றன. ஒரு போனில் ஆப் திறந்திருந்த நேரம் சராசரியாக ஒன்பது விநாடி. 'புது வாடிக்கையாளர்' பட்டனை பன்னிரண்டில் ஒருவர்கூட அழுத்தவில்லை. ஒரே ஒரு அளவு, ஒரே ஒரு இடுப்புச் சுற்றளவுகூட யாரும் போட்டுப் பார்க்கவில்லை. அது டெஸ்ட்டே இல்லை. திறந்தான், மூடினான், அவ்வளவுதான்.

போன் போட்டேன், எடுக்கவில்லை. மெசேஜ் போட்டேன். ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வருகிறது. இத்தனை நாள் அண்ணா என்றவன் இன்று "சார்" என்று ஆரம்பிக்கிறான். "எங்க சைடுல 12 பேர் 14 நாள் கரெக்டா இருந்தாங்க சார். ரிஜெக்ஷனுக்கு நாங்க பொறுப்பில்ல." முழுப் பணம் வாபஸ் என்று போட்டிருந்ததே என்றேன். "அது பிரீமியம் பேக்குக்கு மட்டும் சார்." விளம்பரப் படத்தைத் திருப்பி அனுப்பினேன், அதில் எங்கேயும் பிரீமியம் என்ற சொல்லே இல்லை. "அது பழைய போஸ்டர் சார்." செப்டம்பர் 5ஆம் தேதி நீதானே அனுப்பினாய் என்று கேட்டால் அதற்குப் பதில் இல்லை. அரை மணி நேரம் கழித்து, இன்னும் 7,500 கட்டினால் 25 டெஸ்டர் தருகிறேன் என்றான். அதற்கும் மேலே போய், கன்சோலில் அட்மின் ஆக்சஸ் கொடுத்தால் தாங்களே எல்லாவற்றையும் முடித்துத் தருவதாகச் சொன்னான். அப்போதுதான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. அதைக் கொடுத்திருந்தால் ஆறு மாத உழைப்பே என் கையை விட்டுப் போயிருக்கும்.

முடியாது, பணத்தைக் கொடு என்றேன். மதியத்துக்குள் பிளாக் செய்துவிட்டான். குழுவில் நடந்ததை எழுதினேன். ஐந்து நிமிடத்தில் என் பதிவை நீக்கி, என்னையும் வெளியேற்றினார்கள். அட்மினும் இவனும் ஒன்றுதானா என்று தெரியவில்லை. சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு போன் செய்து புகார் கொடுத்துவிட்டேன். ஒரு எண் கொடுத்திருக்கிறார்கள். நீங்களாக அனுப்பிய பணம்தானே என்று வங்கியில் கேட்கிறார்கள். நானாகத்தான் அனுப்பினேன், என்ன சொல்லி வாங்கினான் என்பதையும் கேளுங்கள் என்றேன்.

6,300 ரூபாயைவிட மனசைப் போட்டுப் பிசைவது வேறொன்று. மத்தியானம் மதினியின் ஜிமெயிலையும் டெஸ்டர் பட்டியலில் சேர்த்து, அவர் போனில் ஆப்பைப் போட வைத்தேன். வெளியான பிறகு முழுசாகக் கொடுக்கலாம் என்று நான்தான் இதுவரை கொடுக்காமல் வைத்திருந்தேன். பத்து நிமிடத்தில் போன் வந்தது. "தம்பி, பதினாலே முக்கால் எப்படிப் போடுறது?" 14.75 என்று போடுங்கள் மதினி என்றேன். "டேப்புல யாரு புள்ளி வச்சுப் பாக்குறா? கால், அரை, முக்கால்னு தானே சொல்லுவோம்." அடுத்ததையும் அவரே சொன்னார். அளவு எடுக்கும்போது இவர் வாயால் சொல்லச் சொல்ல, உதவிக்கு இருக்கும் பெண் நோட்டில் எழுதும். ஒவ்வொரு கட்டத்துக்கும் கீபோர்டு மூடித் திறந்தால் அந்த வேகத்துக்கு வராது. பத்து நிமிடத்தில் இரண்டு பெரிய குறை. ஒரு மாதமாக 12 டெஸ்டர்கள் பார்த்ததாகச் சொன்ன ஆப்பில்! நல்ல ஆள் ஒருவர் இருந்திருந்தால் செப்டம்பரிலேயே எனக்குத் தெரிந்திருக்கும், அப்போதே மாற்றியிருப்பேன், அந்தக் கேள்விகளுக்கும் உண்மையான பதில் எழுதியிருப்பேன்.

டெஸ்டர் எப்படிப் பிடிப்பது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது ஓடவில்லை. இதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். முழுப் பணத்தை முன்கூட்டியே கொடுக்காதீர்கள். பணம் போகும் பெயர் வேறாக இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அட்மின் ஆக்சஸ், ஆப் உங்களுடையதுதான் என்று காட்டும் கையெழுத்துச் சாவி ஃபைல், பாஸ்வேர்ட், இதில் எதையும் யாருக்கும் கொடுக்காதீர்கள். 12 என்ற எண்ணை மட்டும் பார்க்காமல், யார் என்ன அழுத்துகிறார்கள் என்று முதல் நாளிலிருந்தே பாருங்கள். 12 பேர்தான் வேண்டும் என்றாலும் பதினெட்டு, இருபது பேரைச் சேருங்கள், இரண்டு பேர் விலகினாலும் நாள் வீணாகாது. ஆப் யாருக்காகவோ அவர்களிடமே போய்க் கேளுங்கள். ஏமாந்திருந்தால் அன்றைக்கே 1930க்குச் சொல்லுங்கள், என்னை மாதிரி ரீப்ளேஸ்மென்ட் கட்டிக்கொண்டு உட்காராதீர்கள்.

மதினி இப்போது அவர் தெருவில் தைக்கிறவர்களிடம் கேட்டு ஒரு தாளில் ஜிமெயில் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார். ஏழு பேர். தீபாவளி வேலை நெருக்கத்திலும் சரி என்றிருக்கிறார்கள். மூன்றாவது பெயருக்குப் பக்கத்தில், "இவங்களுக்கு அரைக்கால் இஞ்சும் வேணுமாம்" என்று எழுதியிருக்கிறார். இன்று ராத்திரி கால், அரை, முக்கால் பட்டன்களோடு அதையும் போடப் போகிறேன்.