ஊர் சுற்றும் கண்களுக்கு எது சரி: கண்ணாடியா, லென்ஸா, லேசரா?

கண்ணாடி போட்டவர்களுக்குக் குற்றாலத்தில் ஒரு சங்கடம் உண்டு. அருவிக்குள் போகுமுன் கழற்றி யாரிடமாவது கொடுக்க வேண்டும். கழற்றிய பிறகு படி எது, வழுக்குப் பாறை எது என்று தெரியாது. ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தங்களிலும் வாளி வாளியாகத் தலையில் ஊற்றும்போதும் இதே பாடுதான். ஏசி பஸ்ஸிலிருந்து சென்னை வெக்கையில் இறங்கினால் கண்ணாடி முழுக்க ஆவி படியும். மைனஸ் 1 பவர்காரர் இதையெல்லாம் சமாளித்துவிடுவார். மைனஸ் 5, 6 உள்ளவர் மலைப்பாதையில் கண்ணாடியைத் தொலைத்தால், கூட வந்தவர் கையைப் பிடித்துத்தான் இறங்க வேண்டும். இருந்தாலும் கண்ணாடி கண்ணுக்கு எந்தக் கெடுதலும் செய்வதில்லை. பையில் இன்னொரு ஜோடி இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

காண்டாக்ட் லென்ஸ்தான் பயணத்துக்கு வசதி என்று பலர் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், மூன்றிலும் அதிகம் பயப்பட வேண்டியது அதற்குத்தான். குழாய், கிணறு, ஆறு, குளம் எதன் தண்ணீரிலும் அகந்தமீபா என்ற நுண்ணுயிர் இருக்கலாம். லென்ஸோடு குளிக்கும்போது அது கார்னியாவில், அதாவது கண்ணின் முன்னால் இருக்கும் கண்ணாடி போன்ற படலத்தில், ஒட்டிக்கொண்டால் கடும் வலியோடு மாதக்கணக்கில் சிகிச்சை. பார்வையே பறிபோகவும் கூடும். இரவு ரயிலில் லென்ஸைக் கழற்றாமல் தூங்குவதும் தொற்றுக்கு வழிவிடும். ஆனால் ஆடும் பெட்டியில் கையைச் சுத்தமாகக் கழுவிக் கழற்றுவது லேசான காரியமா? விமானத்தில் காற்று வறண்டிருப்பதால் கண் உறுத்தும். லென்ஸ்தான் வேண்டும் என்றால், அன்றன்றே தூக்கிப் போடும் வகையை வாங்குங்கள். தண்ணீரில் இறங்குமுன் கழற்றிவிடுங்கள்.

அடுத்து, பவரைச் சரிசெய்யும் லேசர் சிகிச்சை. இதில் எந்த முறை என்பது முக்கியம். லேசிக் என்ற முறையில் கார்னியாவின் மேல்பகுதியில் மெல்லிய மடல் ஒன்றை வெட்டித் திறந்து, உள்ளே எக்ஸைமர் லேசரால் வளைவைச் சரிசெய்து, மடலைத் திரும்ப மூடுவார்கள். மறுநாளே பெரும்பாலும் பார்வை தெளிந்துவிடும். ஆனால் பலமாக அடிபட்டால் அந்த மடல் நகரலாம், வருடங்கள் கழித்தும்கூட. பாறை ஏறுபவர்களும் கபடி, குத்துச்சண்டை ஆடுபவர்களும் இதை யோசிக்க வேண்டும். பிஆர்கே என்ற முறையில் மடலே கிடையாது. மேல்தோலை நீக்கிவிட்டு லேசர் வைப்பதால் முதல் சில நாள் நல்ல வலி இருக்கும், பார்வை முழுதாகத் தெளிய வாரங்கள் ஆகும். ஸ்மைல் என்ற முறையிலும் மடல் இல்லை. சில மில்லிமீட்டர் கீறல் வழியாகச் சிறு திசுத்துண்டை உருவி எடுக்கிறார்கள். மலை, பைக், சாகசம் என்று போகிறவருக்கு நான் இந்த இரண்டையும்தான் முதலில் சொல்வேன். கார்னியா மெலிந்தவர்களுக்கும் பவர் மிக அதிகமானவர்களுக்கும் கண்ணுக்குள் வைக்கும் ஐசிஎல் லென்ஸ் இருக்கிறது.

உயரமான இடங்களைப் பற்றி ஒரு பயம் உலவுகிறது. 1996-இல் எவரெஸ்ட் ஏறிய அமெரிக்க மருத்துவர் பெக் வெதர்ஸுக்கு மேலே போகப் போகப் பார்வை மங்கியது உண்மை. ஆனால் அவர் செய்திருந்தது ஆர்கே என்ற பழைய முறை. அதில் கார்னியாவில் கத்தியால் ஆழமான கீறல்கள் போடுவார்கள். ஆக்சிஜன் குறையும்போது அந்தக் கீறல்கள் இருக்கும் பகுதி வீங்கி, கார்னியாவின் நடுப்பகுதி தட்டையாகிவிடும். இன்றைய லேசர் முறைகளில் அப்படிக் கீறுவதில்லை. சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லடாக்கின் லே நகரத்தில் லேசர் செய்தவரை அதிகம் படுத்துவது வறட்சிதான். கண்ணீர்ச் சொட்டு மருந்தும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கூலிங்கிளாஸும் கட்டாயம்.

டிக்கெட் போட்டுவிட்டு, புறப்படுவதற்கு முந்தின வாரம் போய் லேசர் செய்துகொள்வது மட்டும் வேண்டாம். கண் வறட்சி சில மாதம் நீடிக்கும். இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரியலாம், ராத்திரி கார் ஓட்டுபவருக்கு இது பெரிய தொல்லை. அருவி, கடல், நீச்சல்குளம் எல்லாம் குறைந்தது இரண்டு வாரமாவது தள்ளியிருக்கட்டும்; டாக்டர் இன்னும் கூடச் சொன்னால் அதைக் கேளுங்கள். மூன்று, நான்கு மாத இடைவெளி இருந்தால் நிம்மதியாகக் கிளம்பலாம். லேசருக்கு முந்தைய பரிசோதனைக்குப் போகுமுன்னும் லென்ஸ் போடுவதைச் சில நாள் நிறுத்த வேண்டும். 18 வயது தாண்டி, ஓராண்டாவது பவர் மாறாமல் இருப்பதும் அவசியம். கெரட்டோகோனஸ் (கார்னியா மெலிந்து கூம்புபோலத் துருத்தும் நோய்) உள்ளவர்களுக்கு லேசிக் கூடாது.

நாற்பதைத் தாண்டியவர்கள் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: தூரப்பார்வை சரியானாலும் மெனு கார்டு படிக்க வெள்ளெழுத்துக் கண்ணாடி தேவைப்படும். அப்புறம், லேசர் கார்னியாவை மட்டுமே மாற்றுகிறது. அதிக மைனஸ் பவரால் மெலிந்துபோன விழித்திரை அப்படியேதான் இருக்கும். அதனால் கண்ணாடியைத் தூக்கிப் போட்ட பிறகும் வருடம் ஒருமுறை விழித்திரையைக் காட்டுங்கள். திடீரென மின்னல் வெட்டுவது போலவோ, ஓரத்தில் திரை இறங்குவது போலவோ தெரிந்தால், எந்த ஊரில் இருந்தாலும் அன்றைக்கே கண் டாக்டரைப் பாருங்கள்.