ஒரு லாரி, இரண்டு சாவடி: பிரிட்ஜ் மோடில் இரண்டரை ஆண்டுகள்

செங்கோட்டையில் எங்கள் வீடு ரயில் பெட்டி போல நீளமானது. தெருவாசலில் திண்ணை, நடுவில் முற்றம், பின்கட்டில் நான் வேலை பார்க்கும் அறை. சுவர் ஒவ்வொன்றும் ஒன்றரை அடி கனம். இணைய நிறுவனம் கொடுத்த ஃபைபர் பெட்டி வாசல் அறையில், கரண்ட் மீட்டருக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அதன் வைஃபை முற்றத்தைத் தாண்டுவதற்குள் களைத்துவிடும். சொந்தமாக ஒரு ரூட்டர் வாங்கி, இருபது மீட்டர் கேபிள் இழுத்து நடுக்கூடத்தில் வைத்தேன். வாசல் பெட்டியும் ஒரு ரூட்டர்தான்; அதன் ரூட்டர் வேலையை நிறுத்தி எல்லாவற்றையும் என் ரூட்டரிடம் ஒப்படைப்பதுதான் பிரிட்ஜ் மோடு. நான் அதற்குப் போன கதை இது.

முதல் நாளே தகராறு. பெட்டியின் முகவரியும் 192.168.1.1, புது ரூட்டரின் முகவரியும் அதேதான். ரூட்டரை 192.168.50.1க்கு மாற்றியதும் இணையம் வந்தது. படம் ஓடியது, வீடியோ கூட்டங்கள் நடந்தன. புனலூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோதுதான் குறை தெரிந்தது. வீட்டுக் கேமராப் பதிவை அங்கிருந்து பார்க்க வேண்டும். கேமரா நிறுவனத்தின் கிளவுடில் என் வீட்டு முற்றத்தைக் கொண்டுபோய் வைக்க மனமில்லை; என் ரூட்டரிலேயே விபிஎன் (வெளியிலிருந்து வீட்டு வலையமைப்புக்குள் வரும் பூட்டிய தனி வழி) வைத்து நுழையலாம் என்று நினைத்தேன். அதற்காக ரூட்டரில் போர்ட் என்னும் நுழைவாசலைத் திறந்தேன். கதவு திறக்கவில்லை.

காரணம், இரட்டை நாட்: வீட்டுக் கருவிகளின் முகவரியை வெளிமுகவரியாக மாற்றி எழுதும் நாட் வேலை இரண்டு இடத்தில் நடந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். கொல்லம் போகும் லாரியைப் புளியரைச் சோதனைச் சாவடியில் ஒருமுறை நிறுத்திச் சீட்டைப் பார்ப்பார்கள். மலையேறியதும் கேரளப் பக்கம் ஆரியங்காவில் இன்னொரு முறை. என் வீட்டிலும் அப்படித்தான். நடுக்கூடத்து ரூட்டர் ஒருமுறை முகவரியை மாற்றி எழுதியது, வாசல் பெட்டி அதையே மறுபடி மாற்றி எழுதியது. வெளியே போகும் சரக்குக்குத் தாமதம் பெரிதாக இல்லை. வெளியிலிருந்து தானாக வருகிற சரக்குதான் வாசல் சாவடியில் நின்றுவிடும், அதற்கு உள்ளே யாரிடம் போக வேண்டும் என்று அங்கே சீட்டு இல்லாததால். பெட்டியிலும் போர்ட் திறந்தால் வழி உண்டு. ஆனால் அதன் நிர்வாகப் பக்கத்தில் அந்த அமைப்பையே நிறுவனம் மறைத்து வைத்திருந்தது.

பிரிட்ஜ் மோடு என்றால் வாசல் சாவடியைக் கலைத்துவிடுவது. பெட்டி ஃபைபரில் வரும் ஒளியை மின்சைகையாக மாற்றிக் கொடுப்பதோடு சரி. பிபிபிஓஇ (நிறுவனத்தின் வலையமைப்பில் உள்நுழையும் முறை) பயனர் பெயர், கடவுச்சொல், விலான் எண் (ஒரே கம்பியில் போக்குவரத்தைத் தனித்தனியாகப் பிரிக்கும் எண்) எல்லாம் என் ரூட்டருக்கு இடம் மாறின. நிறுவனத்திலிருந்து மாற்ற வந்த தம்பி எச்சரித்துவிட்டே மாற்றினார்: “அண்ணாச்சி, பிரிட்ஜில் போட்டுவிட்டால் உங்கள் வைஃபையில் என்ன நடக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. வரவில்லை என்றால் ஒயர் வரைக்கும்தான் நாங்கள் பார்ப்போம்.” அன்று அது பெரிய விஷயமாகப் படவில்லை. தரைவழித் தொலைபேசி போய்விடுமோ என்பதுதான் அம்மாவின் கவலை. எங்கள் பெட்டியில் பேச்சுக்குத் தனி விலான் இருந்ததால் மணி வழக்கம்போல அடித்தது. எல்லாப் பெட்டியிலும் அப்படி இருக்காது, முதலில் கேட்டுவிடுவது நல்லது.

அன்றிரவே விபிஎன் மறுபடி முயன்றேன். அப்போதும் வரவில்லை. ரூட்டரின் வான் முகவரி, அதாவது நிறுவனத்தின் பக்கத்திலிருந்து அதற்குக் கிடைத்த முகவரி, 100.72 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரையிலான முகவரிகள் இணைய நிறுவனங்கள் தங்கள் வலையமைப்புக்குள் பயன்படுத்திக்கொள்ள ஒதுக்கப்பட்டவை. 2012இல் வந்த ஏற்பாடு. பொது ஐபி முகவரி போதாமல் பல வீடுகளை ஒரே முகவரிக்குள் அடைக்கிறார்கள். அதாவது எனக்கு மேலே, என் கைக்கு எட்டாத இடத்தில் மூன்றாவதாக ஒரு சாவடி. பிரிட்ஜ் மோடால் அதை ஒன்றும் செய்ய முடியாது. மாதக் கட்டணத்தோடு கூடுதலாகக் கட்டி நிலையான ஐபி (எனக்கு மட்டுமான, மாறாத பொது முகவரி) வாங்கிய பிறகுதான் புனலூரிலிருந்து முற்றம் தெரிந்தது. பெட்டியின் வான் முகவரியை முன்பே பார்க்க முடிந்திருந்தால் வரிசையை மாற்றிச் செய்திருப்பேன்.

வேகம் கூடியதா என்று கேட்பவர்களுக்கு: இல்லை. எனக்கு 100 எம்பிபிஎஸ் திட்டம், முன்பும் பின்பும் கேபிளில் அதே அளவுதான். வைஃபை எட்டவில்லை என்பதற்காக மட்டும் பிரிட்ஜுக்குப் போகவும் வேண்டாம். எட்டியது நடுக்கூடத்து ரூட்டரால், பிரிட்ஜால் அல்ல. சில நாள் ஒன்றிரண்டு தளங்கள் பாதியில் நின்றன. ரூட்டரில் எம்டியு (ஒரு பொட்டலத்தில் போகக்கூடிய அதிகபட்ச அளவு) 1500 என்று இருந்ததை பிபிபிஓஇக்கு உரிய 1492 ஆக்கியதும் சரியாயிற்று.

தம்பி சொன்னதன் கனம் ஓர் ஐப்பசி இடிமழையில் தெரிந்தது. வாசல் பெட்டி கருகிப்போனது. மறுநாள் வேறொருவர் வந்து புதுப்பெட்டி மாட்டினார், பச்சை விளக்கு எரிந்தது, போய்விட்டார். புதுப்பெட்டி ரூட்டர் மோடில் இருந்தது. நானோ தென்காசியில் ஒரு கல்யாணத்தில். பெட்டி தன் வேலையைச் செய்கிறது, ரூட்டர் பதில் வராத வாசலைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. அம்மா போன் செய்தால் நிறுவனத்தார் “எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது” என்கிறார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான், அதுதான் எரிச்சல். ஒன்றரை நாள் வீட்டில் இணையம் இல்லை.

இன்னொரு சின்னத் தொல்லையும் உண்டு. ஃபைபரில் வரும் ஒளியின் அளவை முன்பெல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்ப்பேன். இப்போது மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய், கேபிளை நேராகச் செருகி, ஐபியைக் கையால் கொடுத்தால்தான் பெட்டியின் பக்கம் திறக்கிறது. எங்களுக்கு மைனஸ் 24 டிபிஎம் சுற்றியே நிற்கும். மைனஸ் 27க்கும் கீழே இறங்கினால் இணைப்பு நிலைக்காது என்பதால் மழைக்காலத்தில் இந்த நடை தப்பாது.

என் வீட்டில் இன்றும் பிரிட்ஜ்தான், மாற்றும் எண்ணமில்லை. ஆனால் அக்கா வீட்டுக்கும் இதையே செய்துகொடு என்று அத்தான் கேட்டபோது மறுத்துவிட்டேன். விளக்கு சிவந்தால் யாரைக் கூப்பிடுவது என்பதுதான் அங்கே கேள்வி, நான் ஒவ்வொரு முறையும் மலை தாண்டிப் போக முடியாது. அங்கே நிறுவனத்தின் பெட்டி ரூட்டர் மோடிலேயே இருக்கிறது. நான் வாங்கிக்கொடுத்த ரூட்டரை ஆக்சஸ் பாயிண்டாக, அதாவது வைஃபை பரப்பும் கருவியாக மட்டும் மாற்றி மாடியில் வைத்தேன்: அதன் முகவரி பெட்டியின் முகவரியோடு மோதாதபடி மாற்றி, டிஎச்சிபியை (கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வேலையை) நிறுத்தி, கேபிளை லான் துளையில் செருகினால் போதும். ஒரே சாவடி, அதுவும் நிறுவனத்தின் பொறுப்பில். இரண்டு முறை கோளாறு வந்தது. இரண்டு முறையும் அக்காவே போன் செய்து சரிசெய்துகொண்டாள்.

தூசி படியக் கூடாது என்று அத்தான் அந்த மாடி ரூட்டருக்குப் பூப்போட்ட துணி போர்த்தி வைத்திருக்கிறார். சூடாகிறது, எடுத்துவிடுங்கள் என்று போகும்போதெல்லாம் சொல்கிறேன்.