பழைய என்விடியா அட்டைக்கு எது பொருந்தும்: நூவோவா, 340 வரிசை இயக்கியா?

ஜிஃபோர்ஸ் 210, 9400எம் போன்ற பழைய என்விடியா வரைகலை அட்டைகள் உள்ள கணினியில் லினக்ஸ் தொடங்கும்போது திரை கறுத்து நின்றுவிட்டால், நிரந்தரத் தீர்வுக்கு இரண்டு இயக்கிகளே (அட்டையை இயக்கும் மென்பொருள்கள்) உள்ளன. ஒன்று, லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுடன் சேர்ந்தே வரும் நூவோ. மற்றொன்று, என்விடியா தானே வெளியிட்ட 340 வரிசை. கணினி தொடங்கும்போது கர்னலைத் தேர்ந்தெடுக்கும் கிரப் பட்டியலில் நோமோட்செட் (nomodeset) என்ற அளவுருவைச் சேர்த்துத் தொடங்குவது மூன்றாவது வழியாகப் பலராலும் சொல்லப்படுகிறது. ஆனால் அப்படித் தொடங்கினால் நூவோ இயங்கவே இயங்காது. வரைகலை வேலை முழுவதையும் மையச் செயலியே சுமக்க நேரிடும். எனவே அதைப் பழுதுபார்க்க உள்ளே நுழையும் வாசலாக மட்டுமே கொள்ள வேண்டும்.

வேகத்தை மட்டும் பார்த்தால் 340 வரிசையே முந்துகிறது. அட்டையின் கடிகார வேகத்தைத் தேவைக்கேற்பத் தானே கூட்டிக் குறைப்பதோடு, காணொளியைக் குறிநீக்கும் வேலையையும் அது அட்டையிடமே ஒப்படைக்கிறது. நூவோவோ, கணினி தொடங்கும்போது இருந்த குறைந்த வேகத்திலேயே அட்டையை விட்டுவைக்கிறது. ஜிஃபோர்ஸ் 210 போன்றவற்றில் முழு உரிமையுள்ள ரூட் பயனராக, வேக நிலையைக் குறிக்கும் பிஸ்டேட் (pstate) கோப்பில் எழுதி வேகத்தை உயர்த்தலாம் என்றாலும், ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் அதைத் திரும்பச் செய்ய வேண்டும். காணொளி வசதிக்கு என்விடியா இயக்கியிலிருந்து பிரித்தெடுத்த ஃபர்ம்வேரும் (அட்டைக்குள் ஏற்றப்படும் சிறு மென்பொருள்) தேவைப்படும்.

ஆயினும், வேகத்தைக் காட்டிலும் கர்னல் புதுப்பிக்கப்படும் நாளில் என்ன நடக்கும் என்பதையே நான் முதலில் பார்ப்பேன். 340 வரிசையின் கடைசி வெளியீடான 340.108 வந்தது 2019 டிசம்பரில். அதன் பிறகு வந்த கர்னல்களுக்கு அதைப் பொருத்த, பிறர் எழுதிய ஒட்டுகளை (நிரல் திருத்தங்களை) நம்பியே இருக்க வேண்டும்; பாதுகாப்புத் திருத்தங்களும் வருவதில்லை. லினக்ஸ் வழங்கல்களில் ஒன்றான டெபியனின் 10-ஆம் பதிப்பில் இருந்த இதன் தொகுப்பு 11-இல் இடம்பெறவில்லை. எக்ஸுக்கு மாற்றாக வந்த திரைக்காட்சி அமைப்பான வேலேண்டிலும் இது இயங்காது. நூவோ 2010-இல் வெளியான 2.6.33 பதிப்பு முதல் கர்னலின் பகுதியாகவே இருப்பதால், கர்னல் மாறும்போது அதுவும் கூடவே மாறிக்கொள்கிறது.

பெரும்பாலான கறுப்புத் திரைகளுக்குக் காரணம், இவ்விரண்டுக்கும் இடையில் கணினி சிக்கிக்கொள்வதே. 340-ஐ நிறுவும்போது, நூவோ ஏறாதபடி அதைத் தடைப்பட்டியலில் சேர்க்கும் கோப்பு ஒன்றும் எழுதப்படுகிறது. பின்னர் புதிய கர்னல் வந்து, ஒவ்வொரு கர்னலுக்கும் இயக்கியைக் கட்டித் தரும் டிகேஎம்எஸ் கருவி அதற்கான தொகுதியை (கர்னலில் ஏறும் இயக்கிக் கோப்பை) கட்ட முடியாமல் தோற்றால், என்விடியா தொகுதி இல்லை, நூவோவுக்கும் அனுமதி இல்லை என்ற நிலை உருவாகிறது. பயனர் அட்டையே பழுதாகிவிட்டது என்று நினைத்துவிடுகிறார். நல்ல நிலையில் உள்ள கணினிகள் இப்படிக் கழித்துக் கட்டப்படுவது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. கிரப்பில் முந்தைய கர்னலைத் தேர்ந்தெடுத்து உள்ளே வந்து, டிகேஎம்எஸ் நிலையைப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும். நூவோவுக்குத் திரும்புவதென்றால், என்விடியா தொகுப்பை அதன் அமைவுக் கோப்புகளோடு சேர்த்து நீக்கி, தொடக்கத்தில் கர்னலுடன் ஏறும் கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸை மீண்டும் உருவாக்க வேண்டும். திரைக்காட்சியை நடத்தும் எக்ஸ்ஆர்க்கின் (சுருக்கமாக எக்ஸ்) அமைவுக் கோப்பில் இயக்கியின் பெயர் என்விடியா என்று எழுதப்பட்டிருந்தால், அந்தக் கோப்பையும் அப்புறப்படுத்த வேண்டும். இதை மறந்தவர்கள், நூவோ சரியாக ஏறிய பிறகும் எக்ஸ் தொடங்காமல் திகைப்பதுண்டு.

நூவோவிலும் குறை உண்டு. கனமான மேசைத்தளங்களில் திரை உறைந்துபோகலாம். எக்ஸ்எஃப்சிஇ போன்ற இலகுவான தளத்துக்கு மாறி, சாளர விளைவுகளை அணைத்துப் பார்ப்பது நல்லது.

ஜிஃபோர்ஸ் 400, 500 வரிசை அட்டைகளுக்கு 340-இன் இடத்தில் 390 வரிசையை வைத்துப் பார்க்கலாம்; அதன் கடைசி வெளியீடான 390.157 வந்தது 2022 நவம்பரில். அந்த அட்டைகளின் நினைவக வேகத்தை நூவோவால் உயர்த்த முடியாது என்பதால், அங்கே வேக இழப்பு இன்னும் கூடுதலாக உறுத்தும்.

இணையத்தில் அன்றாடம் புழங்கும் கணினிக்கு நான் நூவோவையே பரிந்துரைப்பேன். இணைய இணைப்பே இல்லாமல், கர்னலை மாற்றாமல் நிறுத்திவைத்து, படம் பார்க்க மட்டும் பயன்படும் கணினிக்கு 340 இன்றும் தகும்.