கேனபியை ஒட்டுவதா, ஸ்க்ரூ போடுவதா?

வீட்டில் விமானம் கட்டுகிறவர்களுக்குள் தீராத வழக்கு இது: விமானியின் தலைக்கு மேல் கண்ணாடிபோல் மூடும் அக்ரிலிக் கேனபியை இரும்புக் குழாய் பிரேமில் ஸ்க்ரூவும் ரிவெட்டும் போட்டுப் பிடிப்பதா, பசையால் ஒட்டுவதா? பல்லடம் பக்கத்தில் தகரக் கொட்டகைக்குள் வேலை செய்யும் நான் ஒட்டிவிட்டேன். அதனால் என் சாய்வு தெரிந்துதான் படிக்க வேண்டும்.

ஸ்க்ரூவின் நியாயங்களை மறுப்பதற்கில்லை. வீட்டில் கட்டிக்கொள்ள உதிரித் தொகுப்பாக விற்கும் வான்ஸ் நிறுவனத்தின் ஆர்வி விமானங்களில் பெரும்பாலானவை அந்த வழியில்தான் பறக்கின்றன. பிடிப்பு கண்ணுக்குத் தெரியும், கழற்றி மாட்டலாம். பசை வழி என்றால் பெரும்பாலோர் எடுப்பது சிகாஃப்ளெக்ஸ் 295 யுவி என்ற, ரப்பர்போல் நெகிழும் பாலியூரித்தேன் பசை, அதற்குரிய பிரைமர் என்னும் முன்பூச்சுடன். மூன்றாவதாக எபாக்சி போன்ற இறுகும் பசை இருக்கிறது. கிளைடர்களின் ஃபைபர் பிரேமுக்கு அது பழக்கப்பட்டது. இரும்பு பிரேமுக்கு நான் அதை எண்ணிப் பார்க்கவே இல்லை.

என்னைப் பொறுத்தவரை வழக்கைத் தீர்ப்பது வெயில். அக்ரிலிக் ஒரு டிகிரிக்கு மீட்டருக்குச் சுமார் 0.07 மில்லிமீட்டர் நீளும், இரும்பு 0.012தான். சித்திரை வெயிலில் மூடிக் கிடக்கும் கேனபி 60 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். மேலே ஏறினால் கிலோமீட்டருக்கு ஆறேழு டிகிரி குறையும். மார்கழி விடியலில் தரையிலேயே குளிர். 40 டிகிரி வித்தியாசம் என்று வைத்தால், ஒன்றரை மீட்டர் கேனபி 4 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் நீள, அடியிலிருக்கும் பிரேம் 0.7 மட்டுமே நீளும். நடுவிலிருந்து கணக்கிட்டால் ஒவ்வொரு முனையிலும் 1.7 மில்லிமீட்டர் இழுபறி. ஸ்க்ரூ துளையைச் சுற்றி அவ்வளவு இடம் விட்டால்தான் அக்ரிலிக் தாங்கும். யாரும் விடுவதில்லை, விட்டாலும், கடைசியில் ஸ்க்ரூவை இறுக்கும் கை அந்த இடத்தை அடைத்துவிடும். துளையின் விளிம்பில் ஒரு மயிரிழை விரிசல் போதும், பிறகு அதன் நுனியில் இன்னொரு துளை போட்டு நிறுத்தப் பார்க்க வேண்டியதுதான். ஸ்க்ரூ தளராமலிருக்கத் திரவ லாக் போடுகிறவர்களும் உண்டு. அது அக்ரிலிக்கில் பட்டால் வலைபோல் நுண்விரிசல் ஓடும்.

பாலியூரித்தேன் பசை அந்த 1.7 மில்லிமீட்டரைத் தன் உடம்பில் வாங்கிக்கொள்கிறது. ஆனால் தடிமன் வேண்டும். மூன்று மில்லிமீட்டர் பசை தன் தடிமனில் பாதிக்கு மேல் பக்கவாட்டில் சாய்ந்தாலும் பிடிவிடாது. அழகுக்காக ஒரு மில்லிமீட்டராக நசுக்கினால் அதே நகர்வு அதன் தடிமனைவிட அதிகம். எனவே பிரேம் நெடுக மூன்று மில்லிமீட்டர் ஃபோம் துண்டுகளை இடைவெளிக்கு வைத்துத்தான் கேனபியை இறக்கினேன். இதைச் சொல்லிக்கொடுத்தவர் நாமக்கல்லில் பஸ் முன்கண்ணாடி ஒட்டும் ஓர் அண்ணன். ரப்பர் பீடிங் காலத்திலிருந்து கண்ணாடி மாட்டுகிறவர் அவர். பசையை விடத் துடைப்பில்தான் வேலை இருக்கிறது என்பது அவர் கட்சி. அவர் கண்ணாடிக்குப் பயன்படுத்தும் தின்னரை மட்டும் நான் கிட்டே விடவில்லை, அக்ரிலிக் அதைத் தாங்காது.

பசையின் தொல்லைகளும் குறைவில்லை. காற்றின் ஈரத்தை உறிஞ்சி வெளியிலிருந்து உள்நோக்கி இறுகும் பசை இது. நம் வறண்ட கோடையில் மெதுவாகத்தான் இறுகும். ஆடியில் ஒட்டலாமென்றால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கொண்டுவரும் புழுதி பிரைமர் மேல் படியும். நான் புரட்டாசியில் மழை ஓய்ந்த நாளாகப் பார்த்து, கொட்டகைக் கதவை அடைத்துவிட்டு ஒட்டினேன். பசைக் குழாயின் காலாவதித் தேதியையும் பாருங்கள். கோடையில் லாரியில் வெந்து வந்த சரக்கை நம்ப முடியாது.

பசைக்கு உண்மையான பலவீனம், விளிம்பிலிருந்து உரித்தெடுக்கும் இழுப்பு. பறக்கும்போது காற்று கேனபியை மேல்நோக்கி உறிஞ்சும். அதற்காக முன்விளிம்பின் மேல் ஒரு ஃபைபர் பட்டையை ஏற்றி அமுக்கியிருக்கிறேன். பசையின் மேல் வெயில் படாமலும் அது காக்கும். இது போதுமா என்பதைப் பறந்துதான் சொல்ல வேண்டும். என் விமானம் இன்னும் கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை, பசையும் முழுக் கோடையைப் பார்க்கவில்லை.

கழற்றுவது? பியானோ கம்பியை உள்ளே விட்டு, ஆளுக்கொரு பக்கம் நின்று அறுக்க வேண்டும், பஸ் கண்ணாடிக்குச் செய்வதைப் போலவே. ஸ்க்ரூ என்றால் ஒரு மதியத்தில் முடியும். ஆனால் கேனபியைக் கழற்றும் நிலை வந்தால், அநேகமாக அது விரிசல் கண்டு மாற்ற வேண்டியதாகத்தான் இருக்கும்.

பக்கவாட்டுச் சின்ன ஜன்னலுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. முப்பது சென்டிமீட்டர் துண்டில் முனைக்கு 0.35 மில்லிமீட்டர்தான் நகர்வு. துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, ரப்பர் வாஷர் வைத்து ஸ்க்ரூவே போட்டுவிட்டேன்.