ட்ரெசர் சேஃப் 3 வாலட்டும் ஒரு எஸ்.எஸ். தகடும்: நான்கு மாத அனுபவம்

வீடு கடலூர் திருப்பாப்புலியூரில், கணக்கு வேலை புதுச்சேரியில், தினமும் பஸ். மூன்று வருடமாக மாதாமாதம் இரண்டாயிரம் மூவாயிரம் என்று பிட்காயின் வாங்கி வருகிறேன். அதை வாங்கிய எக்ஸ்சேஞ்ச் ஆப்பிலேயே விட்டு வைக்கலாமா, காசு கொடுத்து ஒரு ஹார்டுவேர் வாலட், அதாவது பிட்காயினைச் செலவழிக்கத் தேவையான ரகசியச் சாவியைத் தனக்குள்ளேயே பூட்டி வைத்திருக்கிற சின்னக் கருவி, வாங்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் பதில், வாங்கலாம். ஆனால் கருவியை வாங்கி மேஜை டிராயரில் போட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கும், மீதிப் பாதிக்கு ஒரு சுத்தியலும் ஒரு எஸ்.எஸ். (எவர்சில்வர்) தகடும் வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அப்பா கேட்ட கேள்வி. நான் பிட்காயின் வாங்குவதை அவரிடம் சொன்னபோது விலை ஏறுமா இறங்குமா என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. "சாவி யார்கிட்டம்மா இருக்கு?" என்றார். தொண்ணூறுகளில் ஒரு நிதி நிறுவனத்தில் அவர் போட்டு வைத்த பணம் அப்படியே போனது, ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் ஷட்டர் இறங்கியிருக்கிறது. அந்தக் காலத்தில் தமிழ்நாடு முழுக்க அப்படி ஏமாந்த குடும்பங்கள் இருந்ததால்தான் 1997ல் டெபாசிட் போட்டவர்களைக் காப்பதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. பாஸ்புக்கில் தொகை இருக்கிறது, பெட்டியில் பணம் இல்லை, அதைப் பட்டு அறிந்தவர் அவர். எக்ஸ்சேஞ்ச் ஆப்பில் நான் பார்த்துக்கொண்டிருந்த எண்ணும் அதே மாதிரி ஒரு பாஸ்புக் எண்தான் என்று அவர் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. சாவி என்னிடம் இல்லை, அவர்களிடம் இருந்தது.

2024 ஜூலை 18ம் தேதி வசீர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர், நம் கணக்கில் இரண்டாயிரம் கோடி ரூபாய்க்குப் பக்கத்தில், திருடு போனது. அதன் வாடிக்கையாளர்கள் ஒரு வருடத்துக்கு மேல் தங்கள் காயினை எடுக்க முடியாமல் இருந்தார்கள். என் கணக்கு அங்கே இல்லை. ஆனாலும் அந்த வாரம் நான் வைத்திருந்த வேறொரு எக்ஸ்சேஞ்சிலிருந்து வெளியே எடுக்கப் பார்த்தேன், பெயர் வேண்டாம், அனுமதி கிடைக்க ஒன்பது நாள் ஆனது. ஒவ்வொரு நாளும் ஒரு புதுக் காரணம், ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு புது செல்ஃபி. அந்த ஒன்பது நாளில்தான் ஹார்டுவேர் வாலட் என்றால் என்ன என்று உட்கார்ந்து படித்தேன்.

இதற்கு நடுவில் ஊரும் உலகமும் கிரிப்டோவைப் பார்க்கிற விதம் மாறிவிட்டது. 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, கிரிப்டோ வியாபாரத்துக்குச் சேவை தரக்கூடாது என்று வங்கிகளுக்குச் சுற்றறிக்கை விட்டது, 2020 மார்ச் 4ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022ல் 30 சதவீத வரி வந்தது, 2023 மார்ச்சில் எக்ஸ்சேஞ்சுகள் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் வந்தன. அமெரிக்காவில் 2024 ஜனவரியில் பிட்காயினை நேரடியாக வைத்திருக்கிற, பங்குச் சந்தையில் வாங்கி விற்கக் கூடிய இடிஎஃப் நிதிகளுக்கு அனுமதி கிடைத்தது. எனக்கு மிக முக்கியமாகப் படுவது 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் சொன்னது. வசீர்எக்ஸில் எக்ஸ்ஆர்பி காயின் வைத்திருந்த ஒருவர் தொடுத்த வழக்கு அது. கிரிப்டோ கையில் பிடிக்கிற பொருளும் இல்லை, நாணயமும் இல்லை, ஆனாலும் அது சொத்து, ஒருவருக்காக இன்னொருவர் நம்பிக்கையின் பேரில் வைத்திருக்கக் கூடிய சொத்து என்றது அந்தத் தீர்ப்பு. சட்டம் சொத்து என்று சொல்லிவிட்ட பிறகு அதை நகையையும் பத்திரத்தையும் போலப் பத்திரப்படுத்துவதுதானே முறை.

சரி, வாங்கிய கதைக்கு வருகிறேன். இதில் நான் முதலில் ஒரு தப்பு செய்தேன். அதை விரிவாகவே சொல்கிறேன், இன்னொருவர் அதில் மாட்டக் கூடாது. விலை குறைவாக இருக்கிறதே என்று ஆன்லைனில் யாரோ ஒரு விற்பனையாளரிடம் ஆர்டர் போட்டேன். பெட்டி வந்தது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. உள்ளே ஓர் அட்டை, அதில் 24 ஆங்கிலச் சொற்கள் அச்சடித்தே இருந்தன, "இதுதான் உங்கள் ரகசியச் சொற்கள், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று கீழே குறிப்பு. புது வீட்டுச் சாவியைக் கொத்தோடு கொடுத்துவிட்டு ஒரு சாவியைத் தன் பையில் போட்டுக்கொள்கிறவன் செய்கிற வேலை இது. அந்தச் சொற்களை வைத்துச் சாவியை வேறொரு கருவியிலும் திரும்ப உருவாக்கிவிடலாம், அதனால் அந்தச் சொற்கள்தான் பணம். கருவி புதிதாகத் தொடங்கும்போது அதுவே உங்கள் கண் முன்னால் திரையில் சொற்களை உருவாக்கிக் காட்ட வேண்டும். முன்பே எழுதி வந்தால், எழுதியவனிடம் ஒரு நகல் இருக்கிறது, நீங்கள் காயினை அனுப்பிய அடுத்த நிமிடம் அவன் எடுத்துக்கொள்வான். அன்றைக்கே திருப்பி அனுப்பினேன், பணம் திரும்பி வர மூன்று வாரம் ஆனது. அதன் பிறகு நேராக ட்ரெசர் இணையதளத்திலேயே வாங்கினேன். கப்பல் செலவு, சுங்கம் எல்லாம் சேர்த்துப் பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. டெலிவரிக்கு வீட்டு முகவரி தராமல் ஆபீஸ் முகவரி கொடுத்தேன். 2020ல் லெட்ஜர் என்ற இன்னொரு வாலட் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியல் கசிந்து, சுமார் 2 லட்சத்து 70 ஆயிரம் பேரின் பெயரும் முகவரியும் இணையத்தில் போய்விட்டன, அதைப் படித்ததிலிருந்து எனக்கு அந்தப் பயம் உண்டு. பார்சலில் என்ன வந்தது என்று ஆபீஸில் யாருக்கும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லாதீர்கள்.

ட்ரெசர் என்பது செக் நாட்டு பிராக் நகரத்து சடோஷிலேப்ஸ் நிறுவனத்தின் தயாரிப்பு. 2014ல் விற்பனைக்கு வந்த முதல் ஹார்டுவேர் வாலட் இவர்களுடையதுதான். சேஃப் 3 மாடல் 2023 அக்டோபரில் 79 டாலருக்கு வந்தது. கட்டைவிரல் அளவுக்குக் கொஞ்சம் பெரியது, இரண்டு பட்டன், ஒரு கறுப்பு வெள்ளைத் திரை, யுஎஸ்பி-சி துளை. பேட்டரி கிடையாது, புளூடூத் கிடையாது, கேபிளில் கம்ப்யூட்டரிலோ ஆண்ட்ராய்டு போனிலோ செருகினால்தான் உயிர் வரும். எனக்கு அது பிடித்திருக்கிறது, காற்றில் பேசாத பொருளைக் காற்றில் யாரும் திருட முடியாது. பெட்டியில் வரும்போது ஃபர்ம்வேர், அதாவது கருவியை இயக்குகிற உள் மென்பொருள், இருக்காது, நாம்தான் அவர்களுடைய 'ட்ரெசர் சூட்' என்ற மென்பொருள் வழியாக ஏற்ற வேண்டும். உள்ளே இருக்கிற பாதுகாப்புச் சிப்பை வைத்து இது அசல்தானா என்று அந்த மென்பொருளே சோதித்துச் சொல்கிறது. மென்பொருளின் மூல நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். நான் படிக்கப் போவதில்லைதான், ஆனால் உலகம் முழுக்கப் படித்துத் தப்பு கண்டுபிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அது போதும்.

தினப்படிப் பயன்பாட்டில் இதன் உயிர் அந்தச் சின்னத் திரையில்தான் இருக்கிறது. பணம் அனுப்பும்போது யாருக்கு, எவ்வளவு என்பதைக் கருவியின் திரையில் காட்டும், நாம் பட்டனை அழுத்தினால்தான் கையெழுத்து ஆகும். கம்ப்யூட்டரில் ஏறியிருக்கிற வைரஸ் நாம் காப்பி செய்த முகவரியை மாற்றி ஒட்டியிருந்தால், கம்ப்யூட்டர் திரை பொய் சொல்லும், கருவி பணம் உண்மையில் போகப் போகிற முகவரியைக் காட்டும். 2025 பிப்ரவரியில் பைபிட் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 150 கோடி டாலர் போனது, வடகொரிய ஹேக்கர்கள்தான் செய்தார்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ சொன்னது. அங்கேயும் ஒருவருக்கு மேல் கையெழுத்துப் போட வேண்டிய ஏற்பாடு இருந்தது, எல்லோரும் போட்டார்கள், ஆனால் அவர்கள் முன்னால் இருந்த திரை காட்டியது ஒன்று, அவர்கள் கையெழுத்துப் போட்டது வேறு. வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குவது என்று நம் ஊரில் சொல்வோமே, அதுதான். அதனால் முகவரியின் முதல் நாலு எழுத்து, கடைசி நாலு எழுத்து என்று மட்டும் பார்க்காமல் முழுவதையும் படிக்கிறேன். திரை ஓர் அங்குலத்துக்கும் குறைவு, அப்பா வயதுக்காரர்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படிக்க வேண்டியிருக்கும். மாதம் ஒரு தடவை செய்கிற வேலைக்கு அந்த நிதானம் எனக்குச் சுமையாகத் தெரியவில்லை.

இப்போது தகடு. கருவி தொலைந்தாலும், தண்ணீரில் விழுந்தாலும் கவலையில்லை, சொற்கள் இருந்தால் இன்னொரு கருவி வாங்கி ஏற்றிக்கொள்ளலாம். 12, 20, 24 என்று தேர்வு இருக்கிறது, நான் 12 சொற்களை எடுத்தேன், காரணம் அதை வேறு கம்பெனிக் கருவியிலும் ஏற்ற முடியும். கூடவே எழுதி வைக்க அட்டை தருகிறார்கள். கடலூரில் அட்டையை நம்புவதா? 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியபோது ஒரே நாளில் அங்கே 46 செ.மீ.க்கு மேல் மழை, அடுத்த நாட்களில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்தது. குண்டு உப்பலவாடியில் எங்கள் சித்தி வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர், டிரங்குப் பெட்டியில் இருந்த மனைப் பத்திரம் கூழாகிவிட்டது. பத்திரத்துக்காவது பதிவு அலுவலகத்தில் நகல் கிடைக்கும். இந்தச் சொற்களுக்கு நகல் தருகிற அலுவலகம் உலகத்தில் எங்கும் இல்லை.

பாத்திரக் கடையில் சீர்ப் பாத்திரத்துக்குப் பெயர் வெட்டித் தருவார்களே, அவர்களிடம் கொடுத்துவிடலாமா என்றுதான் முதலில் தோன்றியது. கொடுக்கக் கூடாது, வெட்டுகிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சொற்கள் இரண்டாவது மனிதரின் கண்ணில் படவே கூடாது. அதனால் லாரன்ஸ் ரோட்டுப் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில் எழுத்துப் பஞ்ச் செட் ஒன்று வாங்கினேன், 650 ரூபாய். லேத் பட்டறையில் கை அகலத்துக்கு இரண்டு எஸ்.எஸ். தகடு வெட்டி வாங்கினேன், 120 ரூபாய். இந்தச் சொற்கள் எல்லாம் 2048 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து வருகின்றன, அதில் எந்த இரண்டு சொல்லுக்கும் முதல் நாலு எழுத்து ஒன்றாக இருக்காது. ஆக, நாலு எழுத்து அடித்தால் போதும், 12 சொல்லுக்கு அதிகபட்சம் 48 எழுத்து. ஞாயிற்றுக்கிழமை மதியம் மொட்டை மாடியில் கடப்பாக் கல் மேல் தகட்டை வைத்து அடித்தேன். எஸ்.எஸ். கடினமானது, ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டு அடி, நல்ல கனமான சுத்தியலாக இருக்க வேண்டும், எண் வரிசையையும் மறக்காமல் அடிக்க வேண்டும், வரிசை மாறினால் பூட்டு திறக்காது. முடித்ததும் போட்டோ எடுக்கத் தோன்றும். எடுக்காதீர்கள். போனில் இருக்கிற படம் தானாக கிளவுடுக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அப்புறம் நான் செய்ததிலேயே உருப்படியான காரியம் இது: ஐந்நூறு ரூபாய்க்கு மட்டும் பிட்காயின் அனுப்பிவிட்டு, கருவியை வேண்டுமென்றே முழுக்க அழித்தேன். தகட்டைப் பார்த்துச் சொற்களைக் கருவியிலேயே ஒவ்வொன்றாக ஏற்றினேன். இரண்டு பட்டனில் எழுத்தெழுத்தாகத் தேடி ஏற்ற இருபது நிமிடம் ஆனது, அந்த ஐந்நூறு ரூபாய் திரும்பித் திரையில் வந்தபோது வந்த நிம்மதியை எந்தக் கஸ்டமர் கேரும் எனக்குத் தந்ததில்லை. இதைச் செய்யாமல் முழுப் பணத்தையும் யாரும் மாற்ற வேண்டாம். வேல்ஸில் நியூபோர்ட் என்ற ஊரில் ஒருவர் 2013ல் சுமார் 8,000 பிட்காயின் இருந்த ஹார்டு டிஸ்க்கைக் குப்பையோடு தூக்கிப் போட்டுவிட்டு, ஊர்க் குப்பைமேட்டைத் தோண்ட அனுமதி கேட்டு வருடக்கணக்கில் போராடினார்.

இந்தக் கருவி எதிலிருந்து காப்பாற்றாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓட்டலில் கூட்டம் போட்டு மூன்று மாதத்தில் இரட்டிப்பு என்று ஏதோ பெயர் தெரியாத காயினை விற்கிறவனிடமிருந்து காப்பாற்றாது. "உங்கள் வாலட்டில் பிரச்சினை, 12 சொற்களையும் இந்தப் பக்கத்தில் போடுங்கள்" என்று வருகிற மெயிலுக்கு நீங்களே சொற்களைக் கொடுத்தால் கடவுளாலும் காப்பாற்ற முடியாது. அப்படி நடந்தால் உடனே 1930க்கு அழையுங்கள், வங்கி வழியாகப் போன பணமாவது சில நேரம் நிறுத்தப்படும். விலை இறங்குவதையும் இது தடுக்காது. வரி விஷயத்தில் ஒரு வார்த்தை, என் தொழில் என்பதால்: எக்ஸ்சேஞ்சிலிருந்து சொந்த வாலட்டுக்கு மாற்றுவது விற்பனை ஆகாது, ஆனால் வாங்கிய தேதி, விலை விவரங்களை எக்ஸ்சேஞ்சிலிருந்து முதலிலேயே டவுன்லோட் செய்து வையுங்கள், நாளைக்கு விற்கும்போது 30 சதவீதக் கணக்குக்கு அதுதான் ஆதாரம்.

அப்பாவுக்கு இன்னொரு கவலை இருந்தது, உனக்கு ஏதாவது ஆனால் என்னம்மா செய்வது என்று. அதனால் ஒரு தகடு என்னிடம் இருக்கிறது, இன்னொன்று வேறு ஊரில், வீட்டுக்காரருக்கும் அப்பாவுக்கும் மட்டும் தெரிந்த இடத்தில் இருக்கிறது. எப்படி ஏற்றுவது என்று தமிழில் இரண்டு பக்கம் எழுதி, சொற்கள் இல்லாமல், எல்ஐசி பாண்டோடு சேர்த்து வைத்திருக்கிறேன். போன வாரம் அதைப் பார்த்து அப்பாவே ஒரு தடவை கருவியைச் செருகித் திறந்து பார்த்தார். பின்னை அடித்து, கண்ணாடியைச் சரிசெய்து, திரையில் இருந்த எண்ணைப் படித்துவிட்டு, பாஸ்புக்கில் எழுதுகிற மாதிரி அன்றைய தேதியோடு அதே தாளின் ஓரத்தில் குறித்து வைத்தார்.