ஏழு முழக்கங்களைத் தேடி ஒரு நடை

கோலாலம்பூரில் ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழிலேயே நடத்தப்படும் ஒரு வரலாற்று நடைப்பயணத்தில் சென்ற மாதம் கலந்துகொண்டேன். மூன்று மணி நேரத்துக்குக் கட்டணம் 60 ரிங்கிட். தலைவர்கள் பேசிய இடத்திலேயே அவர்களின் பேச்சைக் கேட்கலாம் என்று விளம்பரம் செய்திருந்தார்கள். பெருமளவு சொன்னபடியே செய்கிறார்கள்.

டத்தாரான் மெர்டேக்கா என்னும் சுதந்திரச் சதுக்கத்தில், நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறங்கிய கதை சுருக்கமாக முடிந்தது. நடையின் உயிர் மெர்டேக்கா அரங்கத்தின் வெளிமதிலருகே இருந்தது. 1957 ஆகஸ்டு 31 காலை நாட்டின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அங்கே எழுப்பிய ‘மெர்டேக்கா’ (சுதந்திரம்) முழக்கத்தின் ஒலிப்பதிவை வழிகாட்டி எந்த முன்னுரையுமின்றி ஒலிக்கவிட்டார். ஏழு முழக்கங்கள், ஒவ்வொன்றுக்கும் கூட்டத்தின் பதில் குரல். மூன்றாவதிலேயே, செந்தூலிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவரின் கை தானாக உயர்ந்தது. “தோட்டத்துல கிராணி வீட்டு ரேடியோவுல கேட்டது, தம்பி,” என்றார். அதே காலையில் துங்கு வாசித்த பிரகடனம் சுதந்திரத்தையும் நீதியையும் நாட்டின் அடித்தளமாக அறிவித்ததை வழிகாட்டி விளக்கியபோது, அது நினைவிருப்பதாக எங்களில் எவரும் சொல்லவில்லை. கூட்டம் திருப்பிச் சொல்ல முடிந்த சொல்தான் நாட்டின் கதையாகியிருக்கிறது.

தே தாரிக் இடைவேளையில் நடந்த உரையாடலுக்கே பாதிக் கட்டணம் தரலாம். 1991 பிப்ரவரியில் அன்றைய பிரதமர் மகாதீர் முன்வைத்த 2020 தொலைநோக்கின் ஒன்பது சவால்களில் முதலாவது, ஒன்றுபட்ட ‘பங்சா மலேசியா’வை உருவாக்குவது. மலாயில் ‘பங்சா’ இனத்தையும் குறிக்கும், தேசத்தையும் குறிக்கும். தமிழில் எதை எழுதுவது என்று வழிகாட்டி கேட்க, எங்கள் மேசையே இரண்டு கட்சியானது. (நான் தேசத்தின் பக்கம்.)

குறையும் உண்டு. என் காதொலிக் கருவி பாதி வழியில் நின்றுபோனதைப் பெரிதுபடுத்த மாட்டேன். ஆனால், மலேசியா என்னும் கூட்டமைப்பை 1961 மே 27 அன்று சிங்கப்பூரில் வெளிநாட்டுச் செய்தியாளர்களிடையே முன்மொழிந்த துங்குவே, 1965 ஆகஸ்டு 9 அன்று நாடாளுமன்றத்தில் சிங்கப்பூரின் பிரிவை அறிவிக்கவும் நேர்ந்தது. முதல் உரைக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியவர்கள் இரண்டாவதைத் தொடவேயில்லை. காரணம் கேட்டதற்கு, “நேரம் போதவில்லை, ஐயா,” என்றார் வழிகாட்டி. கொடிக்கம்பத்தடியில் படமெடுக்க இருபது நிமிடம் நின்றோமே!

ஆயினும் பிள்ளைகளுடன் மறுபடியும் போவேன். மெர்டேக்கா எம்.ஆர்.டி. நிலையத்தில் இறங்கினால் அரங்கம் அருகிலேயே இருக்கிறது. மதிலருகே நிழல் குறைவு என்பதால் தொப்பி அவசியம்.