கத்திரி வெயிலில் என்டியூரோ: முதுகில் மாட்டுகிற தண்ணீர்ப் பை தாங்குமா?

மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு என்று எங்கள் வேலூரைக் கிண்டல் செய்கிற பழைய வசனம் ஒன்று உண்டு. ரோட்டை விட்டு இறங்கி பைக் ஓட்டுகிறவனுக்கு இரண்டுமே வரம்தான், பாறையும் மணலும் வேண்டிய மட்டும் கிடைக்கும். பிரச்சினை வெயில். மே 4 வாக்கில் கத்திரி தொடங்கிவிட்டால் 40 டிகிரியைத் தாண்டுவதெல்லாம் எங்களுக்குச் செய்தியே இல்லை. ஆனால் அப்போதுதான் காலேஜ் லீவு, பசங்களுக்கும் நேரம் கிடைக்கும் என்று ரேஸையும் அப்போதுதான் வைப்பார்கள். உலகப் புகழ்பெற்ற நெடுந்தூர ரேஸான டக்கார் ராலியை 2020லிருந்து சவுதி பாலைவனத்தில் நடத்துகிறார்கள், அதுவும் ஜனவரி மாதத்தில். அவ்வளவு பணம் வைத்திருக்கிறவனே குளிர்காலம் பார்த்துத்தான் நடத்துகிறான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷம் நம்ம பக்கத்தில் ஒரு பட்டா நிலத்தில் நாலு மணி நேர என்டியூரோ நடந்தது, அதாவது கரடுமுரடான பாதையில் சுற்றுச் சுற்றாக ஓட்டுகிற பைக் ரேஸ். அதற்காக முதுகில் மாட்டுகிற 3 லிட்டர் தண்ணீர்ப் பை ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன், இரண்டாயிரத்துச் சொச்சம் ஆனது. இதே பையை நாலைந்து லேபிள் ஒட்டி விற்கிறார்கள், அதனால் கம்பெனி பெயர் சொல்லிப் பிரயோஜனமில்லை. உள்ளே தடித்த பிளாஸ்டிக் பை, அதிலிருந்து தோள் வழியாக வாய்க்கு வருகிற குழாய், நுனியில் கடித்து உறிஞ்சுகிற ரப்பர் வால்வு, வெளியே துணிப்பை. அவ்வளவுதான் சாமான். பாட்டிலே போதாதா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். எங்கள் மெக்கானிக் தம்பி பார்த்த உடனே, "இன்னாண்ணா, இந்த வயசுல பால்புட்டியா?" என்றான்.

பாட்டில் போதாது. என்டியூரோவில் முக்கால்வாசி நேரம் முதல் கியர், இரண்டாவது கியர்தான். நின்றுகொண்டே ஓட்டுகிறோம், பைக்கை இழுக்கிறோம், கவிழ்த்துவிட்டு நிமிர்த்துகிறோம். வேகம் இல்லாததால் காற்று உடம்பில் படாது, இன்ஜின் சூடு மொத்தமும் தொடைக்குத்தான். மேலே செஸ்ட் கார்டு என்கிற நெஞ்சுக்கவசம், ஹெல்மெட், முட்டிக்குக் கவசம். இந்த நிலையில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் வேர்வை போகும். அதை ஒரு லேப் (சுற்று) முடிந்து, வண்டியைப் பார்க்க நிறுத்துகிற சர்வீஸ் பாயிண்டில் பாட்டிலைத் தூக்கிக் கடகடவென்று குடித்து ஈடுகட்ட நினைத்தால் வயிறு ஒத்துக்கொள்ளாது, அடுத்த மேட்டிலேயே குமட்டிக்கொண்டு வரும். கொஞ்சம் கொஞ்சமாக, வண்டியை நிறுத்தாமல் உள்ளே இறக்க வேண்டும். டக்காரில் பைக் ஓட்டுகிறவர்கள் 3 லிட்டர் தண்ணீரை உடம்போடு சுமந்தே ஆக வேண்டும் என்று விதியே வைத்திருக்கிறார்கள். 2024ல் அங்கே முன்னணி வீரர்களுக்கு அடுத்த நிலையான ராலி 2 பிரிவில் ஜெயித்து, மொத்தத்தில் 11வது இடம் பிடித்தாரே நம்ம பக்கத்து மாநிலத்து ஹரித் நோவா, அவர் முதுகிலும் அந்தப் பாரம் இருந்திருக்கும்.

பையின் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 3 லிட்டரும் நிரப்பினால் மூன்று கிலோவுக்கு மேல் கனக்கிறது, ஆனால் இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டிவிட்டால் நின்று ஓட்டும்போது ஆடுவதில்லை. நெஞ்சுப் பட்டை செஸ்ட் கார்டுக்கு மேலேயே எட்டுகிறது, சில பைகளில் எட்டாது, வாங்குவதற்கு முன் கவசத்தைப் போட்டுக்கொண்டு பாருங்கள். வாய் அகலமாக இருப்பதால் ஐஸ் கட்டி போடலாம். நான் செய்வது இதுதான்: ராத்திரியே பாதி தண்ணீர் ஊற்றிப் படுக்கவைத்து ஃப்ரீஸரில் வைத்துவிடுவேன், காலையில் மீதியை நிரப்புவேன். முதுகுப் பக்கம் ஜில்லென்று இருக்கும், பதினோரு மணி வெயில் வரைக்கும் குளிர்ச்சி நிற்கும். முழுக்க நிரப்பி ஃப்ரீஸரில் வைக்காதீர்கள், தண்ணீர் உறையும்போது விரிந்து பையின் ஒட்டு பிரிந்துவிடும்.

இனி குழாய். அதற்கு மேல் உறை கிடையாது. பைக்குள் தண்ணீர் எவ்வளவு ஜில்லென்று இருந்தாலும் வெயிலில் கிடக்கிற குழாயில் நிற்கிற தண்ணீர் வாயைச் சுடுகிறது, முதல் வாய் குடிக்கவே முடியாது. இதற்கு வழி, குடித்து முடித்த உடனே வால்வைக் கடித்துக்கொண்டு உள்ளே ஒரு ஊது ஊதிவிடுவது, குழாயில் இருப்பது பைக்குள்ளேயே திரும்பிப் போய்விடும். இரண்டு லேப்பில் பழகிவிடும்.

வால்வு நுனிக்கு மூடியும் இல்லை. நம்ம ஊர் புழுதியில் இது பெரிய குறை. ஒரு தரம் விழுந்து எழுந்தால் வாயில் நறநறவென்று மண். அதைவிட வேடிக்கை, குழாயை நெஞ்சில் நிறுத்தக் காந்தம் வைத்திருக்கிறார்கள். பாலாற்று மணலில் காந்தத்தைப் புரட்டி இரும்புத்தூள் எடுத்து விளையாடாத பிள்ளை வேலூரில் உண்டா? மணலில் ஒரு தரம் சாய்ந்த உடனே அந்தக் காந்தத்தைச் சுற்றிக் கறுப்புப் பொடி கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டது, துடைத்தால் கையுறையில் ஒட்டுகிறது, தட்டினால் போவதில்லை, எல்லாம் வாய்க்கு இரண்டு அங்குலம் கீழே. இதை வடிவமைத்தவன் ஆற்று மணலைப் பார்த்தே இருக்க மாட்டான். காந்தத்தைக் கழற்றிவிட்டு சாதாரண கிளிப் போட்டேன். வால்வுக்கு ரப்பர் கையுறையின் ஒரு விரலை வெட்டி மாட்டியிருக்கிறேன், குடிக்கும்போது பல்லால் இழுத்துவிட்டால் போதும். பார்க்க அசிங்கமாக இருக்கிறது, வேலை செய்கிறது.

ஓட்டி முடித்தபோது கறுப்பு ஜெர்சியில் செஸ்ட் கார்டின் ஓரம் நெடுக வெள்ளைக் கோடு. வேர்வையில் போன உப்பு. இவ்வளவு உப்பு போகிறபோது வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்து, உடம்பில் சோடியம் இறங்கித் தலைசுற்றும், கைகால் இழுக்கும். அதற்காக ஓஆர்எஸ்ஸையோ நன்னாரி சர்பத்தையோ இந்தப் பைக்குள் ஊற்றாதீர்கள். சர்க்கரை பட்ட குழாயில் ஒரு வாரத்தில் கறுப்பாகப் பூசணம் பிடிக்கும், அதைத் தேய்க்கிற நீளமான பிரஷ் இவர்கள் கொடுப்பதில்லை. பையில் தண்ணீர் மட்டும். சர்வீஸ் பாயிண்டில் ஒரு லிட்டர் பாட்டிலில் ஓஆர்எஸ் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள், மருந்துக்கடையில் கிடைக்கிற 20.5 கிராம் பாக்கெட் சரியாக ஒரு லிட்டருக்குத்தான், கண்ணளவில் அரை பாக்கெட் போடாதீர்கள். கலர் கலராக டப்பாவில் விற்கிற பானங்களில் அந்த அளவு உப்பு இருக்காது, லேபிளைத் திருப்பிப் பாருங்கள். வீட்டிலிருந்து உப்புப் போட்ட மோர் கொண்டுவந்தால் இன்னும் நல்லது.

புதுப் பையில் பிளாஸ்டிக் வாடை அடிக்கும். சமையல் சோடா கரைத்து ஒரு ராத்திரி ஊறவிட்டுக் கழுவினேன், முக்கால்வாசி போயிற்று. மூடியின் மரை கொஞ்சம் தப்பாக ஏறினாலும் முதுகு வழியே சொட்டுகிறது. அந்த வெயிலில் நனைவது சுகமாகத்தான் இருக்கிறது, ஆனால் வெளிப்பையில் வைத்த போன் போய்விடும், அதனால் நிரப்பிய பிறகு தலைகீழாகப் பிடித்து ஒரு அமுக்கு அமுக்கிப் பாருங்கள்.

ரோட்டில் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு இது தேவையே இல்லை, ஆற்காடு வரைக்கும் போவதற்குள் பத்து இளநீர்க்கடை வரும். ஆஃப்ரோடு போகிறவர்கள் 2 லிட்டர் பை வாங்காதீர்கள், விலை வித்தியாசம் சொற்பம், பெரியதில் குறைவாக நிரப்பிக்கொள்ளலாம். வால்வு உதிரியாகக் கிடைக்குமா என்று விற்கிறவரிடம் கேளுங்கள். எனக்கு விற்றவர் இன்னும் பதில் போடவில்லை, வால்வு ஓரம் இப்போதே லேசாகக் கிழிந்திருக்கிறது. அந்த ஒரு காரணத்துக்காகவே ஐந்துக்கு மூன்று மார்க்.